நிலைக்காலில் மூன்று வெட்டு

ஞாயிறு காலை ஆறேகால்,
சவேரியார் கோயில் முன்வாசல்.
பணம் கட்டியவர்கள் பதினாலு பேர், வந்தவர்கள் ஒன்பது.
அதில் ஒருவர் வெள்ளை ஷூ.
கோட்டாற்றுச் சந்துக்கு வெள்ளை ஷூவில் வருகிறவரை
நடை தொடங்கும் முன்பே மன்னித்துவிடுவது என் வழக்கம்.

வாரத்தில் ஆறு நாள்
செட்டிக்குளத்தில் கண்ணாடிக் கடை.
லென்சை மாற்றி மாற்றிப் போட்டு
'இது தெளிவா, இது தெளிவா' என்று கேட்கிற வேலை.
ஏழாம் நாள் யாரையும் கேட்பதில்லை.
நானே காட்டி, நானே தெளிவு சொல்லி,
தலைக்கு இருநூற்றைம்பது,
ஒரு ரசவடையும் டீயும் சேர்த்து.

கம்பளம் பூட்டிக் கிடக்கும்.
ஷட்டருக்கு அடியில் புகுந்து
கருப்பட்டியும் நல்லமிளகும் தெருவுக்கு வரும்.
மூக்கு உள்ளவர்களுக்கு நான் தேவையில்லை.
மற்றவர்களுக்குச் சொல்வேன்:
இங்கே வண்டி அவிழ்த்தார்கள், இங்கே மாட்டுக்குத் தண்ணீர்.
பாதி படித்தது.
பாதி கேட்டது.
இன்னொரு பாதியும் உண்டு.

போன வருசம் ஆனி.
ஏழாவது நிறுத்தம், பேர் எழுதாத சந்து.
ஒரு வீட்டு நிலைக்காலைத் தடவியபடி
புனேக்காரர் ஒருவர் கேட்டார், இது என்ன?
மூன்று வெட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக.
தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
தூறிக்கொண்டிருந்தது. தன் குடையில் பாதியை
என் தலைக்கு மேல் பிடித்திருந்தார் அந்த மனுசன்.
வாய் சொன்னது:
உப்பு வியாபாரி வீடு. ஒரு வெட்டுக்கு நூறு வண்டி.
அத்தனையும் ஆரல்வாய்மொழி தாண்டிப் போனது.

'ஓ' என்றார்கள்.
அந்த 'ஓ' இருக்கிறதே,
அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் உப்பு வண்டி போயிற்று.

முன்னறையில் மிக்ஸி பழுது பார்க்கும் தாணப்பன்
ஒரு வருசமாகத் தலை நிமிர்ந்ததே இல்லை.

இன்று சட்டை போட்டு நின்றார்.
கதவில் அட்டை, 'பார்வைக்கு ரூ.10'.
நான் தொண்டையைச் செருமும் முன் அவர் தொடங்கிவிட்டார்.

"எங்க பாட்டாவுக்க அப்பாவாக்கும். உப்பு யாவாரம்.
ஒரு வெட்டுக்கு நூறு வண்டி, கேட்டியளா.
நாலாவது பாதியில நிக்குல்லா?
அன்னைக்கு ஆரல்வாமொழி காத்துல வண்டி மறிஞ்சு போச்சு.
போதாக்கொறைக்கு மழ.
உப்புல்லா? ஒழுகிப் போச்சு.
அதுக்குப் பொறவு மனுசன் உளியத் தொடல."

'ஓ' என்றார்கள்.
என்னுடையதைவிட நீளம்.
வெள்ளை ஷூக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எனக்கே தெரிந்தது அந்த வண்டி,
ஒரு சக்கரம் வானத்தில் சுற்ற,
நுகம் கழன்ற மாடுகள்
ஈரத் தரையை நக்கிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் உறைத்தது.
நாலாவதா?

வெள்ளை ஷூக்காரரின் மகள்
எக்கி அந்தப் பாதி வெட்டுக்குள் விரலை விட்டாள்.
எடுத்தபோது நுனியில் வெளுத்த தூள்.
"அப்பா, உப்பு!"

சந்தே சிரித்தது.
தாணப்பன் சிரிக்கவில்லை, நானும்.
உள்ளேயிருந்து அவர் மனைவி
தலையில் அடித்துக்கொள்வது ஜன்னல் வழியே தெரிந்தது.

இது தெளிவா,
இது தெளிவா.

பர்சைத் திறந்து பத்து ரூபாய் நீட்டினேன்.
"ஒங்களுக்கு எதுக்கு" என்றார். வாங்கிக்கொண்டார்.
பெருவிரலில் ஒட்டியிருந்த கிரீசை
எதையோ யோசிப்பவர்போல அந்த வெட்டில் தேய்த்தபடி,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"பாத்துப் போங்க. முன்னால ஓடை தொறந்து கெடக்கு."

அதை மட்டும்
ஒரு சொல் கூட்டாமல்
ஒன்பது பேருக்கும் எடுத்துச் சொன்னேன்.